கடல் எவ்வளவு உயரும்? பனிக்குள் போன வெகனரின் கணக்கு

கிரீன்லாந்தின் பனி மொத்தமும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். இந்தச் செய்தியை நீங்க எத்தனையோ தடவை படிச்சிருப்பீங்க. படிச்ச கையோடு ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த 7 மீட்டர் எங்கிருந்து வந்தது? இன்னும் உருகாத பனியை யார், எப்படி அளந்தாங்க?

கணக்கு என்னவோ ரொம்ப எளிது. பத்தாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான். பனி மூடிய பரப்பை அதன் சராசரித் தடிமனால் பெருக்கினால் கன அளவு வரும். பனிக்கட்டி தண்ணீரைவிட லேசானது, அதனால் 0.917ஆல் பெருக்கணும். வந்த விடையை உலகக் கடல்களின் பரப்பால் வகுத்தால் கடல் எவ்வளவு உயரும் என்று தெரிந்துவிடும்.

இதில் பனியின் பரப்பும் கடலின் பரப்பும் வரைபடத்தில் இருந்தே கிடைத்துவிடும். சிக்கல் தடிமனில்தான். மேலே நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. கீழே பாறை எங்கே இருக்கிறது? அரை கிலோமீட்டரிலா, மூன்று கிலோமீட்டரிலா? 1920களின் இறுதிவரை கிரீன்லாந்தின் நடுப்பகுதியைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஓர் எண்ணைத் தேடிப் போன குழுவின் தலைவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகத்தில் தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் ஜிக்சா துண்டுகள் மாதிரிப் பொருத்திக் காட்டியிருப்பாங்களே, அந்தக் கண்ட நகர்வுக் கோட்பாட்டுக்காரர், ஆல்ஃபிரட் வெகனர். புத்தகம் அவரை அந்த ஒரு பக்கத்தோடு விட்டுவிடும். அவர் உயிரை விட்டது வேறொரு வேலைக்காக.

எந்த டிபார்ட்மென்ட்?

வெகனர் 1880 நவம்பர் 1 அன்று பெர்லினில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் வெகனர் ஒரு கிறிஸ்தவப் போதகர்; ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றையும் நடத்தி வந்தார். ஐந்து பிள்ளைகளில் ஆல்ஃபிரட் கடைக்குட்டி.

1905இல் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு வானியலை ஓரமாக வைத்துவிட்டு வளிமண்டல ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1906 ஏப்ரலில் அண்ணன் குர்ட்டோடு ஒரு பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருந்தார். அன்றைக்கு அது உலக சாதனை. பிறகு வானிலை பற்றிப் பாடப்புத்தகம் எழுதினார். நிலவியலில் மூக்கை நுழைத்தார். பழங்காலத் தட்பவெப்பம் பற்றி மாமனாரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அந்த மாமனார் யார் தெரியுமா? உலகத் தட்பவெப்பநிலைகளை வகைப்படுத்திய விளாடிமிர் கோப்பென். அவருடைய மகள் எல்சேயைத்தான் 1913இல் வெகனர் மணந்தார்.

ஆக, வெகனர் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இதுவே அவருக்கு எதிராகவும் திரும்பியது. 1912 ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நிலவியலாளர்கள் முன்னால் கண்டங்கள் நகர்கின்றன என்று பேசினார். 1915இல், முதல் உலகப் போரில் காயம்பட்டு விடுப்பில் இருந்த காலத்தில் எழுதி முடித்து, அதைப் புத்தகமாகவும் போட்டார். வானிலைக்காரருக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிற ரீதியில்தான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். கண்டங்களைத் தள்ளுகிற விசை எது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை என்பதும் உண்மை.

அளந்து காட்டிவிட்டால் வாயை அடைத்துவிடலாம் இல்லையா? அதற்கும் முயற்சி நடந்தது. கிரீன்லாந்தின் தீர்க்கரேகையை வெவ்வேறு காலங்களில் அளந்த பழைய குறிப்புகளை ஒப்பிட்டதில், அது ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் மேற்கே நகர்வதாக வந்தது. வெகனர் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கு ஜிபிஎஸ் சொல்லும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். அந்தக் காலக் கருவிகளின் பிழை, உண்மையான நகர்வைவிடப் பல மடங்கு பெரிது. கோட்பாடு சரி, அளவு தப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

கிரீன்லாந்து விடவில்லை

வெகனர் கிரீன்லாந்துக்கு முதலில் போனது 1906இல், ஒரு டென்மார்க் பயணக்குழுவோடு. வயது 25. இரண்டு குளிர்காலம் அங்கே தங்கி, பட்டங்களையும் பலூன்களையும் பறக்கவிட்டுக் காற்றின் வெப்பநிலையை அளந்தார். குழுவின் தலைவர் மிலியஸ் எரிக்சனும் இன்னும் இரண்டு பேரும் வடக்கே போனவர்கள், திரும்பவே இல்லை. துருவத்தில் சாவு எப்படி வரும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் 1912இல் மறுபடி போனார். இந்தத் தடவை தலைவர் யோஹான் பீட்டர் கோக் என்ற டென்மார்க்காரர். மொத்தம் நாலே பேர். 16 ஐஸ்லாந்துக் குதிரைகளோடு தொடங்கி, குளிர்காலத்தைப் பனியின் மேலேயே கழித்து, 1913இல் கிழக்கிலிருந்து மேற்காகக் கிரீன்லாந்தைக் கடந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கடைசியில் ஒரு குதிரைகூட மிஞ்சவில்லை. கூட வந்த நாயையும் கொன்று சாப்பிடும் நிலைமை. மேற்குக் கரையில் தற்செயலாகப் படகில் வந்த ஒரு போதகர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள்.

அதன்பின் போர், வேலை தேடல், மூன்று பெண் குழந்தைகள். 1924இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். 1928இல் வில்ஹெல்ம் மைனார்டுஸ் என்ற பேராசிரியர் ஒரு யோசனையோடு வந்தார்: கிரீன்லாந்துப் பனியின் தடிமனை அளக்க ஒரு பயணம் போனால் என்ன?

எப்படி அளப்பது?

அந்த நேரத்தில் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளில் ஒரு புது முறை சோதிக்கப்பட்டு வந்தது. அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான், எதிரொலி. பனியின் மேல் வெடிமருந்தை வெடிக்க வைக்கணும். அதிர்வலை கீழே இறங்கிப் பாறையில் மோதித் திரும்பி வரும். மேலே உள்ள அதிர்வுமானி அது வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்யும். பனிக்கட்டியில் அந்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 3,800 மீட்டர் போகும். எதிரொலி 1.4 விநாடியில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்க. 3,800ஐ 1.4ஆல் பெருக்கி, போகவர இரண்டு வழி என்பதால் பாதியாக்கினால் 2,660 மீட்டர். அவ்வளவுதான்.

ஆனா நேரத்தில் பத்தில் ஒரு விநாடி பிசகினால் தடிமனில் 190 மீட்டர் பிசகும். மேலே உள்ள பனி இறுகாத தூளாக இருப்பதால் அங்கே அலை மெதுவாகப் போகும், அதையும் கணக்கில் சேர்க்கணும். அதற்குப் பனியைத் தோண்டி அதன் அடர்த்தியை ஒவ்வோர் ஆழத்திலும் அளந்தாகணும். வருஷத்துக்கு எவ்வளவு பனி புதிதாக விழுகிறது என்பதும் வேணும். வரவு தெரியாமல் செலவு மட்டும் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாதே! ஆக, நடுப்பனியில் ஒரு வருஷம் முழுக்க ஆள் இருந்தாகணும்.

வெகனர் போட்ட திட்டம் இதுதான்: மேற்குக் கரையில் ஒரு நிலையம், கிழக்குக் கரையில் ஒன்று, நடுவில் கடலில் இருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, 3,000 மீட்டர் உயரத்தில் ஒன்று. நடு நிலையத்துக்கு ஐஸ்மிட்டே என்று பெயர். ஜெர்மன் மொழியில் பனியின் நடு என்று பொருள். 1929இல் யோஹான்னஸ் கியோர்கி, எர்ன்ஸ்ட் சோர்கே, ஃப்ரிட்ஸ் லோவே ஆகிய மூவரோடு போய் முன்னோட்டம் பார்த்தார். 1930 ஏப்ரலில் முழுக் குழுவும் கிளம்பியது.

38 நாள் தாமதம்

மேற்குக் கரையில் இறங்க வேண்டிய இடத்தில் கடல் இன்னும் உறைந்து கிடந்தது. 38 நாள் காத்திருந்தார்கள். கோடை குறுகிய அந்த ஊரில் 38 நாள் என்பது பாதித் திட்டம். அதன்பின் எல்லாச் சாமான்களையும் பனியாற்றின் சரிவில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றணும்.

வெகனர் நம்பியிருந்தது இரண்டு இயந்திர வண்டிகளை. விமான எஞ்சினும் பின்னால் சுழலும் விசிறியும் வைத்த சறுக்குவண்டிகள். வழவழப்பான தரையில் பிரமாதமாக ஓடின. புதுப்பனி விழுந்து, எதிர்க்காற்றும் சேர்ந்ததும் பாதி வழியிலேயே படுத்துவிட்டன. ஐஸ்மிட்டேக்கான குளிர்கால வீடும், ரேடியோவும், போதுமான மண்ணெண்ணெயும் போய்ச் சேரவே இல்லை.

ஜூலை முடிவில் கியோர்கியும் செப்டம்பரில் சோர்கேயும் ஐஸ்மிட்டே போய்ச் சேர்ந்திருந்தார்கள். திரும்பி வந்த நாய்வண்டிக்காரர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள்: குறிப்பிட்ட சாமான்கள் அக்டோபர் 20க்குள் வராவிட்டால் கையால் வண்டியிழுத்துக் கரைக்குக் கிளம்பிவிடுவோம்.

இப்போ வெகனர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. அவர்கள் கிளம்பினால் 400 கிலோமீட்டர் குளிரில் நடக்கணும். உயிரோடு வருவார்களா என்பது சந்தேகம். உயிரோடு வந்தாலும் நடு நிலையம் காலி, குளிர்கால அளவீடு காலி. ரேடியோ இருந்தால் ஒரு வரியில் பேசி முடித்திருக்கலாம். அது கரையில் பெட்டியில் கிடந்தது.

செப்டம்பர் 21 அன்று வெகனரே கிளம்பினார். கூட லோவேயும், 13 கிரீன்லாந்துக்காரர்களும், 15 நாய்வண்டிகளும். சில நாளிலேயே பனிப்புயல். அந்தப் பருவத்தில் உள்ளே போவது முட்டாள்தனம் என்று கிரீன்லாந்துக்காரர்களுக்குத் தெரியும், அது அவர்கள் ஊர். ஒன்பது பேர் முதலில் திரும்பினார்கள், பிறகு மூவர். ஒரே ஒருவர் மட்டும் தங்கினார். ராஸ்முஸ் வில்லும்சன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். நம்மில் பலருடைய வயதுதான்.

மூன்று பேரும் சாமான்களை வழியிலேயே ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, 40 நாள் கழித்து அக்டோபர் 30 அன்று ஐஸ்மிட்டே சேர்ந்தார்கள். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. லோவேயின் கால்விரல்கள் உறைந்துபோயிருந்தன. பின்னால் அவற்றை மயக்க மருந்து இல்லாமல் சாதாரணப் பேனாக்கத்தியால் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. வண்டியில் கொடுப்பதற்குச் சாமான் ஏறக்குறைய எதுவும் இல்லை.

இதில் பெரிய கொடுமை என்னன்னா, கியோர்கியும் சோர்கேயும் கிளம்பவே இல்லை. பனிக்குள் ஒரு குகை தோண்டி, இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்து அங்கேயே இருந்தார்கள். அந்த முடிவைச் சொல்லி அனுப்ப வழியில்லை.

இருந்த உணவு ஐந்து பேருக்குப் போதாது. லோவேயால் நடக்க முடியாது. நவம்பர் 1 அன்று, தன்னுடைய 50ஆவது பிறந்தநாளில், வெகனரும் வில்லும்சனும் இரண்டு வண்டிகள், 17 நாய்களோடு மேற்கே கிளம்பினார்கள். அவர்களை உயிரோடு பிறகு யாரும் பார்க்கவில்லை.

மேற்கு நிலையத்தில் இருந்தவர்கள், வெகனர் ஐஸ்மிட்டேயில் பத்திரமாக இருப்பதாக நினைத்தார்கள். ஐஸ்மிட்டேயில் இருந்தவர்கள், அவர் கரை சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். ஆறு மாதம் இப்படியே போனது. 1931 மே 12 அன்று, ஏறக்குறைய பாதி வழியில், பனியில் நட்டிருந்த சறுக்குப் பலகைகளின் நடுவே தோண்டியபோது வெகனரின் உடல் கிடைத்தது. கலைமான் தோல்களுக்கு நடுவே அக்கறையாகக் கிடத்தி மூடப்பட்டிருந்தது. களைப்பில் இதயம் நின்றிருக்கும் என்று கருதப்படுகிறது. அவரைப் புதைத்து அடையாளம் நட்டுவிட்டு, அவருடைய டைரியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிய வில்லும்சன் கடைசிவரை கிடைக்கவில்லை. டைரியும் கிடைக்கவில்லை.

அளவு கிடைத்தது

பனிக்குகைக்குள் மூன்று பேரும் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். கியோர்கி வானிலையைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சோர்கே கையாலேயே 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனியை வெட்டி எடை போட்டார். ஆழம் போகப்போக அடர்த்தி எப்படிக் கூடுகிறது என்று அவர் கண்ட விதியை இன்றும் பனியியலில் சோர்கேயின் விதி என்றே சொல்கிறார்கள். 1931 கோடையில் வெடிமருந்து வந்து சேர்ந்ததும் எதிரொலி எடுத்தார். ஐஸ்மிட்டேயின் கீழே பனி இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் என்று வந்தது. குழுவின் பொறுப்பை ஏற்று வேலையை முடித்துக் கொடுத்தவர், அன்று பலூனில் கூட வந்த அதே அண்ணன் குர்ட்.

அந்த அளவு துல்லியமானதா? இல்லை. பிறகு 1949 முதல் 1951 வரை ஒரு பிரெஞ்சுக் குழு அதே பகுதியில் அளந்தபோது தடிமன் சுமார் 3,000 மீட்டர் என்று வந்தது. அதாவது அடியில் உள்ள பாறை ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே இருக்கிறது. விளிம்பில் மலைகள், நடுவில் பள்ளம், கிண்ணத்தில் ஊற்றிய மாவு மாதிரி. பனியின் பாரத்தில் நிலமே கீழே அமுங்கியிருக்கிறது. பூமியின் மேலோடு பாரத்துக்கு ஏற்ப அமிழும், பாரம் போனால் எழும் என்பது வெகனர் தன் கண்ட நகர்வு நூலில் அடித்தளமாக வைத்த கருத்துகளில் ஒன்று.

அதன்பின் விமானத்தில் ரேடார் வந்தது. 2002 முதல் இரட்டை சாட்டிலைட்டுகள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தை வைத்துக் கிரீன்லாந்தை எடை போடுகின்றன. இப்போ முதலில் பார்த்த கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பனிவிரிப்பின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். கன அளவு சுமார் 30 லட்சம் கன கிலோமீட்டர். 0.917ஆல் பெருக்கினால் தண்ணீர் 27.5 லட்சம் கன கிலோமீட்டர். கடல் பரப்பு 36.1 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்தால் 7.6 மீட்டர். பனியில் ஒரு பகுதி ஏற்கெனவே கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் வழியாதது போல அந்தப் பகுதி மட்டத்தை உயர்த்தாது. அதைக் கழித்து 2017இல் வெளியான ஆய்வு சொல்லும் விடை 7.4 மீட்டர். அண்டார்டிகாவுக்கு இதே மாதிரிப் போட்டால் சுமார் 58 மீட்டர்.

இப்போ ஒரு சின்ன வேலை. சராசரித் தடிமனில் வெறும் 100 மீட்டர் தப்பு என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போடுங்க. கடல்மட்டத்தில் 43 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மொத்தமாக உயர்ந்ததே சுமார் 20 சென்டிமீட்டர்தான். தீர்க்கரேகை விஷயத்தில் பார்த்தோமே, அளவில் வரும் பிழை அளக்க வேண்டிய விஷயத்தையே விழுங்கிவிடும். அதனால்தான் ஒரு தடவை போய் அளந்துவிட்டு வந்தால் போதாது என்று வெகனர் வருஷம் முழுக்க ஆளை உட்கார வைத்தார்.

7.4 மீட்டரும் நாளைக்கே வந்துவிடாது, முழுக்க உருகப் பல நூற்றாண்டுகளுக்கும் மேல் ஆகும். ஆனா வரவு செலவில் செலவுதான் இப்போ அதிகம். 2002க்குப் பிறகு கிரீன்லாந்து சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்து வருகிறது. 36,100 கோடி டன் உருகினால் கடல் ஒரு மில்லிமீட்டர் உயரும். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்க. இன்னொரு விஷயம், பனி குறையக் குறையக் கிரீன்லாந்தின் ஈர்ப்பும் குறைவதால் அதன் பக்கத்துக் கடல் இறங்கும், தூரத்துக் கடல்கள் சராசரியைவிட அதிகமாக உயரும். நம்ம கடற்கரை தூரத்துக் கடற்கரைதான்.

கண்ட நகர்வை உலகம் ஒப்புக்கொள்ள 1960கள் ஆனது. அதற்குள் வெகனர் போய் முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அவருடைய உடலை அங்கேயே விட்டுவிட்டார்கள். அதன் மேல் வருஷா வருஷம் பனி விழுந்து மூடிக்கொண்டே போகிறது, அந்தப் பனி மெதுவாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டும் இருக்கிறது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு, செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு, ஜெர்மனியின் துருவ ஆய்வு நிறுவனத்துக்கு என்று அவர் பெயரைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். ராஸ்முஸ் வில்லும்சன் பெயரை நம்ம பாடப்புத்தகத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. அடுத்த தடவை அந்த 7 மீட்டர் செய்தி கண்ணில் பட்டால், ஸ்க்ரோல் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க.